பனிக்காலத்திலும் மணக்கும் பூந்தோட்டங்கள்

சீமையின் குளிர்காலத்தைப் பற்றிக் கேள்வியுற்றோர் மனத்தில் பெரும்பாலும் ஒரே சித்திரந்தான் பதிந்திருக்கும். இலையுதிர்ந்த மரங்கள், ஈயநிற வானம், மாலை நான்கு மணிக்கே கவிந்துவிடும் இருள், வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் மனிதர். இச்சித்திரம் பொய்யன்று, ஆயின் முழுமையானதுமன்று. தை மாதத்துக் கடுங்குளிரில், புற்றரை முழுவதும் உறைபனி வெள்ளைத்துணி விரித்தாற்போலக் கிடக்கும் வேளையில், இலையுதிராமற் பச்சைப்பசேலென நின்று பூத்து, பத்துப் பதினைந்து முழத்துக்கப்பாலும் மணம் பரப்பும் செடிகள் அந்நாட்டுத் தோட்டங்களில் உண்டு. அவற்றைத் தேடித் தொகுத்து ஒருங்கே நட்டு, 'குளிர்காலத் தோட்டம்' என்று பெயரிட்டுப் போற்றி வருகின்றனர் ஆங்கிலேயர்.

இலண்டனிலிருந்து புகைவண்டியில் ஏறத்தாழ ஒரு மணிநேரத்திற் சென்றடையத்தக்க கேம்பிரிட்ஜ் நகரிலும் அதன் அயலிலும் அத்தகைய தோட்டங்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றை நம் வாசகர்களுக்கு அறிமுகஞ் செய்வதோடு, அச்செடிகளை வீட்டு வாசலில் வளர்க்கும் வகையையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேம்பிரிட்ஜ் பூங்காவில்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தாவரவியற் பூங்கா 1762 ஆம் ஆண்டில் நகரின் நடுவே தொடங்கப்பெற்றது. பின்னர், பேராசிரியர் ஜோன் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ என்பாரின் முயற்சியால் நகரின் தெற்கேயுள்ள 40 ஏக்கர் நிலத்துக்கு மாற்றப்பெற்று, 1846 இல் திறக்கப்பட்டது. இந்த ஹென்ஸ்லோவே சார்ல்ஸ் டார்வினின் ஆசான். 1831 இல் 'பீகிள்' கப்பலிற் பயணஞ் செய்வதற்கு டார்வினின் பெயரை எடுத்துரைத்தவரும் அவரே.

குளிர்காலத்துக்கெனத் தனித்தோட்டமொன்றை இப்பூங்காவினர் 1950களின் தொடக்கத்திலேயே அமைத்தனர். இன்று காணப்படும் வடிவம் 1970களின் இறுதியில் உருவானது. நிலம் மெல்ல மேடும் பள்ளமுமாய் இருக்க, அதனூடே வளைந்து செல்கின்றது ஒரு பாதை. தென்வானில் தாழ்ந்து நிற்கும் குளிர்காலச் சூரியனின் சாய்ந்த கதிர்கள் செடிகளின் தண்டுகள்மீது படுமாறு அனைத்தும் நடப்பட்டிருக்கின்றன. செக்கச்செவேலெனச் சிவந்த தண்டுகள் ஒருபால். சுண்ணாம்பு பூசினாற்போன்ற வெள்ளைத் தண்டுகள் ஒருபால். இலையும் பூவுமின்றி வெறுந்தண்டின் நிறங்கொண்டே கண்ணைக் கவரலாம் என்பதை அங்கே கண்டோம்.

எனினும் அத்தோட்டத்தின் உண்மையான செல்வம் கண்ணுக்குரியதன்று. பாதையின் ஒரு வளைவைக் கடந்தபோது, தேனைக் காய்ச்சினாற்போன்ற நறுமணமொன்று திடீரென எதிர்கொண்டது. சுற்றுமுற்றும் பார்த்தால் பூவென்று சொல்லத்தக்க ஒன்றையும் காணவில்லை. குனிந்து தேடியபின்னரே, முழங்காலளவு உயரமுள்ள கரும்பச்சைச் செடியொன்றின் இலைக்கக்கங்களில், வெள்ளை நூற்றுணுக்குகளைப் போன்ற சிறு பூக்கள் ஒளிந்திருக்கக் கண்டோம். இதழ் என்பது அவற்றுக்கு இல்லை. வெறும் மகரந்தத் தாள்களே பூவாய்த் தோன்றுகின்றன. அருகே சென்ற ஆண்டின் பழங்கள், மிளகினும் சற்றுப் பெரியனவாய்க் கருமணிபோல் மின்னின.

இச்செடியின் பெயர் சார்கொகோக்கா. கிரேக்க மொழியில் 'சதைப்பற்றுள்ள பழம்' என்பது பொருள். 'பொக்ஸ்' என்னும் வேலிச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தமையாலும், மார்கழி தொடங்கிப் பூப்பதாலும் ஆங்கிலேயர் இதனை 'நத்தார் பொக்ஸ்' என்று அழைப்பர். இமயமலைச் சாரலும் சீனாவும் இவ்வினத்தின் பல வகைகளுக்குத் தாயகம். இலங்கையின் மலைநாட்டுக் காடுகளிலும் இவ்வினத்தின் உறவினர் இயற்கையாக வளர்கின்றனர் என்பது நம் மாணவர் அறியத்தக்க செய்தி.

குளிரில் ஏன் மணம்?

கேம்பிரிட்ஜில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் 8 மணிநேரத்துக்கும் குறைவானது. யாழ்ப்பாணத்திலோ அந்நாளிலும் ஏறக்குறைய பதினொன்றரை மணிநேரம் வெளிச்சமுண்டு. வெளிச்சமுங் குறைந்து வெப்பமுங் குறைந்த அக்காலத்தில் ஒரு செடி ஏன் பூக்கவேண்டும்? பூத்தாலும் ஏன் அத்தனை மணத்தை வாரி இறைக்கவேண்டும்?

விடை பூச்சிகளிடத்தே இருக்கின்றது. கோடையிற் பூப்பன ஆயிரம். அவற்றை நாடிவரும் பூச்சிகளும் ஆயிரம். குளிர்காலத்திற் பறக்கும் பூச்சிகள் மிகச்சில. அவையும் வெயில் தலைகாட்டும் சில மணிநேரம் மட்டுமே வெளிவருவன. அந்தச் சிலவற்றைத் தொலைவிலிருந்து அழைப்பதற்கு நிறத்தினும் மணமே சிறந்த தூது. போட்டியிடும் பூக்கள் இல்லாத காலத்தில், வருகின்ற ஒவ்வொரு விருந்தாளியும் இச்செடிக்கே உரியர். கடும் உறைபனியில் மணம் அடங்கிக் கிடந்து, சற்று இதமான, காற்றசையாத, ஈரம் பொதிந்த பகற்பொழுதிற் பெருகுவதும் இதனாற் பொருத்தமாகின்றது.

இலையுதிராமைக்கும் காரணமுண்டு. இச்செடிகளின் தாயகம் பெரும்பாலும் மலைக்காடுகளின் மரநிழல். கோடையில் மேலேயுள்ள பெருமரங்கள் ஒளியை மறைத்துவிடும். அம்மரங்கள் இலையுதிர்ந்து நிற்கும் குளிர்காலமே கீழேயுள்ள சிறுசெடிகளுக்கு ஒளி கிடைக்குங் காலம். ஆகவே அவை மெழுகு பூசினாற்போன்ற தடித்த இலைகளைத் தரித்துக்கொண்டு, பிறர் உறங்கும்போது உழைக்கின்றன. ஏனையோர் இழந்த காலத்தைத் தமக்கு ஊதியமாக்கிக்கொள்ளும் இவ்வியல்பு வியக்கத்தக்கது.

இமயத்தின் காகிதச் செடி

சார்கொகோக்காவை விஞ்சும் மணமுடையது டாப்னி போலுவா. ஓராள் உயரத்துக்கு மேலாக நிமிர்ந்து வளரும் இச்செடி, தை தொடங்கிப் பங்குனி வரை கொத்துக் கொத்தாகப் பூக்கும். மொட்டு ஊதா கலந்த இளஞ்சிவப்பு. விரிந்தபின் உள்ளே வெண்மை. அதனருகே நிற்போர் அவ்விடத்தை விட்டகல மனங்கொள்ளார்.

இது நேபாள மலைகளிலே பிறந்தது. அங்குள்ள மக்கள் இதன் பட்டையை உரித்து அவித்து இடித்து 'லொக்தா' என்னும் காகிதஞ் செய்வர். பூச்சி எளிதில் அரிக்காத அக்காகிதத்திலே நேபாளத்தின் சமய நூல்களும் அரசாங்கப் பத்திரங்களும் நெடுங்காலமாக எழுதப்பட்டு வந்தன. வேரோடு பிடுங்காமல் தண்டை மட்டும் வெட்டினால், செடி மீண்டும் தளிர்த்துச் சில ஆண்டுகளில் மறுபடியும் பட்டை தரும். பனையோலையில் எழுதி நூல்களைக் காத்த நம் முன்னோரை இச்செடி நமக்கு நினைவூட்டாமற் போகாது.

1962 இல் மேஜர் ஸ்பிரிங்-ஸ்மித் என்பார் கிழக்கு நேபாளத்தில் 10,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து எடுத்துவந்த ஒரு செடிக்குக் 'கூர்க்கா' என்று பெயரிட்டனர். அது குளிர்காலத்தில் இலையுதிர்ப்பது. ஹாம்ஷயரிலுள்ள ஹில்லியர் நாற்றுமேடையிற் பணியாற்றிய அலன் போஸ்டில், அதன் விதையில் முளைத்த நாற்றுகளுள் ஒன்று இலையுதிராமலும் மிகுதியாகப் பூத்தும் நிற்பதைக் கண்டு, 1982 இல் அதனைத் தெரிந்தெடுத்தார். தம் மனைவியின் பெயரையே அதற்கு இட்டார். இன்று இங்கிலாந்தின் குளிர்காலத் தோட்டங்களிற் பரவலாகக் காணப்படும் 'ஜக்குலின் போஸ்டில்' அதுவே. பெற்ற செடிக்கு இல்லாத குணம் பிள்ளைக்கு வாய்த்ததும், அதனைக் கண்டுகொள்ளும் கண் ஒருவர்க்கு இருந்ததும் சேர்ந்தமையால், ஒரு நாட்டின் குளிர்காலமே சற்று மாறிவிட்டது.

கேம்பிரிட்ஜுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 6 மைல் தொலைவில், லோட் என்னுஞ் சிற்றூரில், ஆங்கிள்சி அபே என்னும் பழைய மாளிகை உண்டு. 1966 இல் அதன் உரிமையாளரான ஃபேர்ஹேவன் பிரபு காலமானபோது மாளிகையும் தோட்டமும் நாட்டு மரபுரிமைக் காப்பு அறநிலையமாகிய நஷனல் டிரஸ்டுக்கு உரியவாயின. அப்பிரபுவின் பிறப்பு நூற்றாண்டு நினைவாக, 1998 இல் அங்கே குளிர்கால நடைபாதை ஒன்று திறக்கப்பட்டது. பாம்பென வளைந்து செல்லும் அப்பாதையின் இருமருங்கும் மணச்செடிகள். இறுதியில் இமயமலை பூர்ஜ மரச்சோலை ஒன்று வெள்ளை வெளேரெனத் தோன்றிப் பார்ப்போரைத் திகைக்கச் செய்கின்றது. அம்மரத்தின் பட்டையும் வடஇந்தியாவிலே பண்டுதொட்டு ஏடாகப் பயன்பட்டதே. எழுத்துக்குப் பட்டை ஈந்த இமயச் செடியும் மரமும் இன்று ஆங்கில மண்ணில் வேரூன்றியிருப்பது சிந்தனைக்கு விருந்தாகின்றது.

அகிலும் கராம்பும்

டாப்னி இனத்திலேயே இன்னொன்று டாப்னி ஓடோரா. சீனாவிலும் ஜப்பானிலும் பல நூற்றாண்டுகளாக வளர்க்கப்படுவது. இடுப்பளவு உயரமே வளரும். இலையின் ஓரத்தில் மெல்லிய மஞ்சட்கரை கொண்ட வகையை ஆங்கிலேயர் பெரிதும் விரும்புகின்றனர். சீனர் இதற்கு இட்ட பெயரின் பொருள் 'மங்கல மணம்'. மலைப்பாறையொன்றிற் பகலுறக்கங் கொண்ட துறவியொருவர், கனவிலே நறுமணம் நுகர்ந்து, விழித்தெழுந்து தேடி இச்செடியைக் கண்டார் என்பது அவர்களிடையே வழங்கும் கதை.

ஜப்பானியர் இதனை 'ஜின்சோகே' என்பர். அகிலின் மணமும் கராம்பின் உருவமும் உடையது என்பது அப்பெயரின் கருத்து. அகிற்கட்டை தரும் மரமும் டாப்னியும் உண்மையிலேயே ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இலங்கையில் அண்மைக் காலத்திற் கடத்தற்காரரின் பேராசைக்கு இலக்காகிச் சட்டத்தின் காவலை வேண்டி நிற்கும் வல்லப்பட்டையும் அக்குடும்பத்ததே. ஆகவே, சீமைத் தோட்டத்தில் நாம் நுகரும் அம்மணம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். டாப்னியின் எப்பகுதியும் நஞ்சு. அதன் பழத்தை உண்பது பேராபத்து. பால் பட்டால் தோல் எரியும். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அவர்களுக்கு இதனை முன்னரே சொல்லிவைத்தல் கடமை.

தேயிலையின் உடன்பிறப்பு

ஐப்பசி முதல் தை வரை பூக்கும் கமீலியா சசாங்குவாவையும் இத்தோட்டங்களிற் காணலாம். கமீலியா வகைகளுட் பெரும்பாலானவை மணமற்றவை. இது மெல்லிய மணமுடையது. வெண்மையும் இளஞ்சிவப்புமான இதழ்களின் நடுவே மஞ்சட் கேசரங்கள் திரண்டிருக்கும். அதைக் கண்டதும் மலைநாட்டு வாசகர்க்கு எங்கோ பார்த்த நினைவு எழும். ஐயமில்லை, தேயிலையும் ஒரு கமீலியாவே. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டது முதல் நம் மலைகளை மூடி நிற்கும் அச்செடியும், கொழுந்து பறிக்காமல் வளரவிட்டால், இவ்வாறே வெண்ணிறமாய்ப் பூக்கும். தொழிலுக்காக ஒன்றைக் கத்தரித்தோம். அழகுக்காக மற்றொன்றை வளரவிட்டனர். குடும்பம் ஒன்றே.

முள்ளிலையும் நீண்ட மஞ்சட் பூங்கதிரும் உடைய மகோனியா, கார்த்திகையிலிருந்து பூக்கத் தொடங்கும். இலண்டன் போன்ற நகரங்களில், முன்னர் குளிர்காலம் முழுவதும் உறங்கிக்கிடந்த பெருந்தேனீ வகையொன்று, 1990கள் முதல் அக்காலத்திலும் பறந்து திரிவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். தோட்டங்களில் நட்ட மகோனியா போன்ற செடிகளின் தேனே அவற்றுக்கு உணவாகின்றது. மனிதர் தம் மூக்கின் இன்பத்துக்கு நட்டது, பிறிதோர் உயிரின் பசியையும் தீர்க்கின்றது. சிலி நாட்டிலிருந்து வந்த அசாராவோ, மாசி மாதத்தில் மணிமணியான மஞ்சட் பூக்களோடு வனிலா மணம் வீசும்.

மல்லிகை வாடிய வாசலில்

இத்துணையும் பெருந்தோட்டங்களின் கதை. சிறுவீட்டு வாசலில் இது எவ்வாறு பொருந்தும் என்பதை இலண்டனின் தென்பகுதியில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்திற் கண்டோம். 1983 இன் பின்னர் இங்கிலாந்து சென்று குடியேறிய நம்மவர் பலர். அவர்கள் தம்மோடு கொண்டுசெல்ல விரும்பியும் இயலாதவற்றுள் முற்றத்து மல்லிகையும் ஒன்று. உறைபனி தொட்டால் நம் மல்லிகை பிழைப்பதில்லை. அந்நாட்டுக் கடைகளிற் 'குளிர்கால மல்லிகை' என்று விற்கப்படுவதோ சீனத்திலிருந்து வந்த மஞ்சட் பூ, பனியைத் தாங்கும், ஆனால் இலையுமில்லை, மணமுமில்லை.

நண்பரின் தாயார் வாசற்படியருகே நட்டிருந்தது சார்கொகோக்கா. அதனைச் சுட்டிக்காட்டி அவர் கூறினார்:

"வந்த புதிசிலை மல்லிகை மூண்டு தரம் வைச்சுப் பாத்தன், தம்பி. மூண்டும் பனியோடை போட்டுது. இது ஒருக்கா வைச்சதுதான்; வருசந் தவறாமல் பூக்குது. உந்த வெள்ளைக்காரப் பேர் எனக்கு வாயிலை வராது. பேரப்பிள்ளையளுக்குப் பனிமல்லிகை எண்டுதான் சொல்லிக் குடுத்திருக்கிறன்."

அவ்வீட்டுச் சாமிப்படத்தின் கீழே அச்செடியின் சிறுகொப்பொன்று தண்ணீர்க் குவளையில் இருந்தது. அறை முழுவதும் மணந்தது. வெளியே செல்ல முடியாத இருண்ட மாதங்களிலே முதியோர்க்கு வீட்டின் நான்கு சுவரே உலகமாகிவிடும். கதவைத் திறக்குந்தோறும் எதிர்கொள்ளும் ஒரு நறுமணம் அவர்களுக்குத் தருவது அலங்காரமன்று, ஆறுதல். மல்லிகையை நினைந்து வருந்துவதோடு அமையாது, சென்ற மண்ணில் எது நின்று மணக்கும் என்று அறிந்து அதற்குத் தமிழ்ப் பெயருஞ் சூட்டிய அம்மூதாட்டியின் செயல், குடிபெயர்ந்தோர் வாழ்வுக்கே நல்ல வழிகாட்டி எனத் தோன்றியது.

வளர்க்கும் முறை

இச்செடிகளை வளர்ப்பதில் முதல் விதி இடந்தெரிதல். தோட்டத்தின் கோடியில் நட்டால், குளிரில் அங்கே செல்வார் யாருமிலர். வாசற்கதவு, படலை, நாளும் நடக்கும் பாதை ஆகியவற்றின் அருகே நடுதல் வேண்டும். காற்று வீசி மணத்தை அள்ளிச் செல்லாதபடி, சுவரோ வேலியோ மறைப்பாக இருத்தல் நன்று.

இலைமட்கும் கூட்டெருவும் கலந்த, நீர் தேங்காத மண் எல்லாவற்றுக்கும் ஏற்றது. முதற்பயிற்சிக்கு ஏற்றது சார்கொகோக்கா. ஆழ்ந்த நிழலிலும், சுண்ணாம்பு மண்ணிலும், பூச்சாடியிலும் வளரும். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை செல்சியஸ் குளிரையும் தாங்கும். அடியில் முளைக்கும் பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்டே சில வகைகளைப் பெருக்கலாம். மாடிவீடுகளில் வாழ்வோர்க்கும் இதுவே உகந்தது.

டாப்னி சற்றுச் செல்லப்பிள்ளை. ஓரிடத்தில் நட்டபின் வேரை அசைத்தல் ஆகாது. மிகுதியாகக் கத்தரித்தலும் ஆகாது. சில ஆண்டுகள் நன்றாக நின்ற செடி காரணந் தெரியாமல் திடீரெனப் பட்டுப்போதலும் உண்டு. ஆதலாற் கோடையில் இளங்கொப்புகளை வெட்டி வேர்ப்பிடிக்க வைத்து, ஒரு கன்றையேனும் கைவசம் வைத்திருத்தல் அறிவுடைமை. கமீலியாவுக்குப் புளிப்பு மண்ணே வேண்டும். சுண்ணாம்பு கலந்த குழாய்நீரை விட மழைநீர் சிறந்தது. கிழக்கு நோக்கிய இடத்தில் அதனை வைத்தால், உறைந்த மொட்டின்மீது காலை வெயில் சட்டெனப் பட்டுக் கருகிவிடும். மகோனியாவுக்கு இடம் மிக வேண்டும். முள்ளிலை உடையதாகையால் நடைபாதையை ஒட்டி நடலாகாது.

யாழ்ப்பாணத்து வெப்பத்தில் இவை வாழமாட்டா. ஆயினும், இருண்ட மாதங்களுக்கெனச் செடி தெரிந்து வாசலில் நடும் வழக்கம் எங்கும் பொருந்தும். மார்கழிப் பனியில் நம் முற்றத்தில் எது பூக்கின்றது, எது மணக்கின்றது என்று மாணவர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவார்களாயின், ஓராண்டில் ஒரு நல்ல தாவரவியற் பாடம் உருவாகிவிடும். கடல் கடந்து குளிர்நாடுகளில் வாழும் உறவினரையுடைய வாசகர்கள், அடுத்த மடலில் ஒரு வரி சேர்த்து எழுதுவார்களாக: வாசற்படியருகே இரண்டடி நிலமோ ஒரு பூச்சாடியோ இருக்குமாயின், இவ்விளவேனிலில் ஒரு சார்கொகோக்காக் கன்றை நட்டுவைக்கும்படி. வேர் ஊன்றியபின் வரும் குளிர்காலங்களில், அவர்களின் வீட்டுக்குட் செல்வோரை அது மணத்தோடு வரவேற்கும்.